கண்ணாடி வளையலும் மூணு நூல் ராடும்

எங்கள் வீட்டுப் பின்னறையில் நான் செய்து வைத்த மெஷின் வெட்டிய முதல் வட்டம் முட்டையாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் என் மைத்துனன், ஒத்துக்கொள்ளாதவன் நான். மெஷினைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான், எழுதித் தள்ளிவிடுவேன். ஆனால் அந்த முட்டையை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் பேசிய பேச்சை விட்டுவிட்டு எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

இது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, கொஞ்ச நாளிலேயே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட காலம். திருச்சியில் ஒரு பொருட்காட்சிக்குப் போனபோது, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரப்பலகையில் எழுத்து வெட்டும் மெஷின் ஒன்றைப் பார்த்தேன். ஆசாரிகள் கையில் பிடித்து மரம் குடையும் ரூட்டர் இருக்கிறதல்லவா, அதையே ஒரு சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று மோட்டார்கள் அதை இடவலமாக, முன்பின்னாக, மேல்கீழாக நகர்த்தின. அரைமணி நேரம் நின்று பார்த்தேன். என்ன பெரிய வித்தை, நாமே செய்யலாம் என்று தோன்றிவிட்டது. எனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "செய்யுங்க, யாரு வேணாங்குறா? ஃபேன் ரெகுலேட்டரு மூணு மாசமா கழட்டுன மேனிக்குக் கெடக்கு. அதை மாட்டிட்டுச் செய்யுங்க" என்றாள் என் மனைவி. ரெகுலேட்டரை மாட்டவில்லை. மெஷினைச் செய்தேன்.

பழைய இரும்புக் கடையில் உடைத்துப் போட்டிருந்த இரண்டு ஜெராக்ஸ் மெஷின்களிலிருந்து மோட்டார்கள் கிடைத்தன. படிப்படியாகத் திரும்புகிற மோட்டார். கம்ப்யூட்டர் ஒரு சமிக்ஞை அனுப்பினால் ஒரு படி திரும்பும், நூறு அனுப்பினால் நூறு படி. அதை ஓட்டும் போர்டை பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட்டைப் பார்த்து நானே பற்றவைத்தேன். மேஜை டிராயருக்குப் போடும் சேனல்தான் தண்டவாளம். சட்டம் பிளைவுட். யாருக்கும் வேண்டாத ஒரு பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர் மாட்டும் துளை வழியாக இத்தனைக்கும் உத்தரவு போட்டது.

நகர்த்துவதற்கு முழு நீளமும் மரை போட்ட ராடு வேண்டும். மோட்டார் ராடைச் சுற்றும், ராடில் கோத்த நட்டு நகரும், நட்டோடு ரூட்டரும் நகரும். அரியலூர் ஹார்டுவேர் கடையில் மூணு நூல் மரை ராடு கேட்டேன். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நூல். கொத்தனாரும் ஆசாரியும் கடைக்காரரும் நூலில்தான் பேசுவார்கள். ஒரு ராடுதான் இருந்தது, இடவலத்துக்கும், ஒரு துண்டு வெட்டி மேல்கீழுக்கும் ஆகட்டும் என்று அதை வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் குரும்பலூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் இன்னொரு மூணு நூல் ராடு கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டையும் லேத் பட்டறையில் கொடுத்து அவற்றுக்குப் பொருந்துகிற மாதிரி பித்தளை நட்டு செய்து வாங்கினேன். இரண்டும் வெண்ணெய் மாதிரி ஓடின.

மோட்டார் எத்தனை படி திரும்பினால் ரூட்டர் ஒரு மில்லிமீட்டர் நகரும் என்ற எண்ணை நாம்தான் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். இடவல ராடை அளந்தேன். 252 வந்தது. முன்பின் ராடுக்கும் அதையே போட்டேன். இரண்டும் மூணு நூல் ராடுதானே, எதற்கு இன்னொரு தரம் அளப்பது?

மெஷின் ஓடத் தொடங்கியதும் ஒரு தொந்தரவு வந்தது. நேராகப் போய்க்கொண்டிருக்கும் கோடு திடீரென்று துள்ளும். பத்து நாள் கவனித்ததில், சமையலறையில் மிக்ஸி ஓடும்போதுதான் துள்ளுகிறது என்று தெரிந்தது. சும்மா இருப்பேனா? ஒரு காலை நேரத்தில் போய்க் கத்தினேன். "சட்னி அரைச்சா உங்க மெஷினுக்குக் கிறுக்குப் புடிக்குதுன்னா வைத்தியம் சட்னிக்கா, மெஷினுக்கா?" என்று கேட்டாள். கடைசியில் பார்த்தால், மிக்ஸியின் கரண்ட் இரைச்சல் புகுகிற மாதிரி கம்ப்யூட்டர் ஒயரையும் ரூட்டர் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தது நான்தான். பிரித்துப் போட்டு எர்த் கொடுத்ததும் நின்றுவிட்டது. மனைவியிடம் தப்பு என் மேல்தான் என்று சொல்லவில்லை. மெஷின் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் மைத்துனன் வந்தான். என் மனைவிக்குத் தம்பி, ஆண்டிமடத்தில் வீடு. ஷார்ஜாவில் போர்டு எழுதுகிற கம்பெனி ஒன்றில் நான்கு வருஷம் இருந்தான். கம்பெனியை மூடிவிட்டதால் திரும்பி வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அங்கே அவன் ரூட்டர் மெஷின் ஆபரேட்டர் என்றுதான் பெண் கேட்கும்போது சொல்லியிருந்தார்கள். அவன் மாமனார் முந்திரித் தோப்புக்காரர்; மருமகன் ஆபரேட்டர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னறையில் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"மாமா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் ஆபரேட்டர் இல்ல. பலகை தூக்கி வெப்பேன், வெட்டி முடிச்சா தூசி கூட்டுவேன். நாலு வருஷம் பக்கத்துலயே நின்னு பாத்தேன், ஒரு நாள் தொட விடல."

"அதை ஏன் இப்ப சொல்ற?"

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் ரூட்டர் ஆபரேட்டர் விசா ஒன்று வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் சென்னையில் டெஸ்ட். "வட்டம் வெட்டச் சொல்லுவாங்க, வட்டத்துக்குள்ள எழுத்து வெட்டச் சொல்லுவாங்க, கை சுத்தமா இருக்கணும்பா" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். தொட்டுப் பழக இவனுக்கு இந்தப் பக்கத்தில் கிடைக்கிற ஒரே மெஷின் என்னுடையதுதான்.

"இது கெடச்சிட்டா சொன்ன பொய்யி நெசமாயிடும் மாமா. இல்லன்னா மாமனாரு தோப்புல போயி நிக்கணும். அவ மொகத்தை என்னால பாக்க முடியாது" என்றான். அவள் என்றது அவன் மனைவியை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனைவியிடம் மட்டும் சொன்னேன், அவனுக்கு அக்கா ஆயிற்றே என்று.

வாரத்தில் மூன்று நான்கு நாள் பஸ் ஏறி வந்தான். கம்ப்யூட்டரில் படம் போடவும், பலகையை அசையாமல் கட்டவும், ரூட்டர் முனையில் மாட்டிய பிட் எத்தனை ஆழம் இறங்க வேண்டும் என்று வைக்கவும் கற்றுக்கொண்டான். அவனுக்கு நல்ல காது. பிட் மரத்தைக் கருக்கப் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அதுவரை நாங்கள் நேர்கோடும் எழுத்துமாக வெட்டிக்கொண்டிருந்தோம். வட்டத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். தான் மெஷின் ஓட்டுவதை அவள் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை.

அறுபது மில்லிமீட்டர் வட்டம். அவன்தான் ஓட்டினான். அவன் மனைவி நிலைப்படியில் நின்று பார்த்தாள். ரூட்டர் சுற்றி வந்து நின்றதும் வெட்டுண்ட வில்லையைக் கையில் எடுத்துத் தூசியை ஊதினான். பிறகு கண்ணுக்கு நேராகப் பிடித்தான்.

"மாமா, இது வட்டம் இல்ல."

"என்ன?"

"முட்டையாட்டம் இருக்கு. லேசா."

வாங்கி ஸ்கேல் வைத்தேன். மெஷின் சுவரை ஒட்டி இருந்ததால் நான் எப்போதும் ஒரே பக்கம்தான் நிற்பேன், எதையும் இடமிருந்து வலமாகத்தான் அளப்பேன். வில்லையையும் வெட்டிய வாக்கிலேயே பலகையில் வைத்து அப்படித்தான் அளந்தேன். "அறுபது. பாரு, கரெக்டா அறுபது."

"திருப்பி வச்சு அளங்க மாமா" என்று கையை நீட்டினான். தட்டிவிட்டேன். ஸ்கேல் பிடிக்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்றேன்.

அவன் விடவில்லை. மனைவியிடம் ஒரு வளையலைக் கழற்றித் தரச் சொன்னான். சிவப்புக் கண்ணாடி வளையல். அதை வில்லையின் மேல் போட்டான். இடவலமாக ஒட்டிக்கொண்டு நின்றது. முன்பின்னாக இடைவெளி தெரிந்தது. ஒரு நெருப்புக்குச்சியை எடுத்து அந்த இடைவெளியில் விட்டான், தாராளமாகப் போய் வந்தது.

"வளையல் நெளிஞ்சிருக்கும்" என்றேன்.

"கண்ணாடி வளையல் எப்படிண்ணா நெளியும்? ஒடஞ்சாத்தான் உண்டு" என்றாள் அவன் மனைவி. கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஆனால் சமையலறைப் பக்கம் நின்றிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"நாலு வருஷம் அங்க தூசி கூட்டுனவன் எனக்கு வட்டம் சொல்லித் தர்றியா? மெஷினைத் தொட விட்டாங்களாடா உன்னை?"

சொன்ன பிறகுதான் நிலைப்படியில் நிற்பது யார் என்று உறைத்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். அவன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மாமா கோபத்தில் உளறுகிறார் என்றாவது சொல்லியிருக்கலாம். அவன் கம்ப்யூட்டரை அணைக்கத்தான் போனான். அவள் வந்து வில்லையின் மேலிருந்த வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். மத்தியானச் சாப்பாடு ஆகியிருக்கவில்லை. சாப்பிடாமலே போனார்கள்.

என் மனைவி அன்றைக்குச் சமைத்ததை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இத்தனை நாளு உங்க கோவம் மிக்ஸியோட போச்சு. இன்னிக்கு என் தம்பி குடும்பத்துல கொண்டு வச்சிட்டீங்க" என்றாள். அதற்கு மேல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்திலும் எனக்குக் கோபம்தான் வரும் என்பதால் அந்த இரண்டு நாளும் ஆலையிலும் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பின்னறைக்குப் போய் வில்லையைத் திருப்பி வைத்து அளந்தேன். ஐம்பத்தாறரை. இரண்டு ராடுகளையும் கழற்றினேன். ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் இரண்டு சீப்புகளைக் கோத்த மாதிரி மரையும் மரையும் பொருந்த வேண்டும். முதல் நாலைந்து பல் பொருந்தியது. பிறகு ஒன்றை ஒன்று ஏறி மிதித்தது. அப்படியே எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

"ஒண்ணு இன்ச்சுக் கணக்கு ராடுங்க, இன்னொண்ணு பத்து எம்எம். மரையோட நெருக்கம் வேறல்ல? ரெண்டுக்கும் வேற வேற மரை வெட்டுற டேப் போட்டுத்தான் நட்டு அடிச்சேன்."

"மூணு நூலுன்னுதானே வாங்குனேன்?"

"பத்து எம்எம்மும் மூணு நூலுதான். எந்தக் கடையில எம்எம்னு கேக்குறாங்க? வூடு கட்டுற கம்பியே அப்படித்தானே வாங்குறோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"ஆலையில இருக்குறவரு, தெரியாமயா வாங்கியிருப்பீங்கன்னு விட்டுட்டேன். நீங்களும் கேக்கலையே."

அவரிடம் கத்துவதற்கு எனக்கு வாய் வரை வந்தது. கத்தவில்லை. ராடு இரண்டையும் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜெயங்கொண்டத்தில் மாறி ஆண்டிமடம் போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி. அவன் வீட்டில் இல்லை. அவன் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டாள், சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், மரியாதையில் குறை வைக்கவில்லை.

"அவரு எங்க அப்பாவோட தோப்புக்குப் போயிருக்காரு. மூணு நாளா போறாரு. டெஸ்ட்டுக்குப் போக மாட்டாராம்."

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நான் சொன்னது பொய்யின்னு வேணா…"

"பொய்யி இல்லண்ணா. நெசம்தான். அவருகிட்ட கேட்டுட்டேன். அவரு என்கிட்ட மறைச்சது எங்க சண்டை, அதை நாங்க போட்டுக்குறோம். ஆனா நீங்க அதை எப்ப சொன்னீங்க? உங்க வட்டம் தப்புன்னு தெரிஞ்சதும் சொன்னீங்க."

நாற்பது வயதைத் தாண்டிய என்னை ஒருவர் இப்படி உரித்து வைத்தது அதுதான் முதல் தடவை. கடைசியில், "வளையல் நெளியலம்மா. என் ராடுதான் தப்பு" என்றேன்.

"அதை அவருகிட்ட சொல்லுங்க" என்றாள்.

தோப்பில் முந்திரி மரத்துக்கடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தான். கையில் விளக்குமாறு. ராடுகளை நீட்டினேன். இரண்டையும் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பார்த்தான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது எம்எம் ராடு. ரெண்டுக்கும் அதே 252 போட்டீங்களா?"

"போட்டேன்."

"அளக்கலையா?"

"அளக்கல. நீ சொன்னதுதான் சரி. நான் பேசுனது தப்பு. டெஸ்ட்டுக்கு இன்னும் பதினோரு நாளு இருக்கு, வா மாப்ள."

"அவ வரச் சொன்னாளா?"

"வரச் சொல்லல. தப்பை உன்கிட்ட சொல்லச் சொன்னா."

ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு விளக்குமாறை மரத்தில் சாய்த்து வைத்தான்.

புது ராடு வாங்கலாம் என்றேன். வேண்டாம், எண்ணை மாற்றினால் போதும் என்றான். அவனே அளந்து அவனே கண்டுபிடித்தான்: முன்பின் ராடுக்கு 267. நான் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினோரு நாளில் அவன் வெட்டிய வட்டங்களை ஒரு சாக்கில் போட்டு வைத்தோம். ஒவ்வொன்றையும் வெட்டியதும் இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் அளப்பான். சேனல் ஆடினால் இறுக்குவான். நான் வாயே திறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை திறந்தேன், இரண்டு தடவையும் என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

டெஸ்ட் முடிந்து சென்னையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். அவன் மனைவியும் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் பையிலிருந்து காகிதத்தை எடுத்து முதலில் அவளிடம் கொடுத்தான். எழுத்துக் கூட்டி வாசித்தாள். வேலைக்கு எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆபரேட்டர் என்று இல்லை, அசிஸ்டென்ட் என்று போட்டிருந்தது.

"வட்டம் சரியா வரலையா?" என்று கேட்டேன்.

"நல்லா வந்துச்சு மாமா. வெட்டுனதும் ரெண்டு பக்கமும் அளந்தேன். அங்க இருந்த சார் ஏன் ரெண்டு தடவ அளக்குறேன்னு கேட்டாரு. எங்க மாமா வூட்டு மெஷின் முட்டை போட்டுச்சு சார்னேன். சிரிச்சாரு. அப்ப ஷார்ஜாவுல என்ன பண்ணேன்னாரு. கூட்டுற வேலை பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா சொன்ன? ஆபரேட்டர்னுதானே எழுதிக் குடுத்திருந்த?"

"மறைச்சதெல்லாம் இவளுக்காகத்தான் மாமா. இவளுக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே யாருகிட்ட மறைச்சு என்ன ஆவப் போவுது? ஒரு வருஷம் அசிஸ்டென்ட்டா இரு, அப்புறம் பாக்கலாம்னாங்க."

அசிஸ்டென்ட் என்றால் கூட்டவும் வேண்டுமா என்று அவன் மனைவி கேட்டாள். மெஷினும் ஓட்டணும், கூட்டவும் செய்யணும் என்றான். "கூட்டுனா என்ன, சொல்லிட்டுக் கூட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவன் இலையில் ரசத்தை ஊற்றினாள்.

"மாப்ள, அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீ ஆபரேட்டரா போயிருப்ப" என்றேன்.

"மூடிக்கிட்டு இருந்திருந்தா உங்க மெஷினு இன்னமும் முட்டைதான் போட்டுக்கிட்டு இருக்கும், விடுங்க மாமா" என்று சிரித்தான். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரிக்கலாம் என்று பார்த்தேன்.

அவன் மனைவி சிரிக்கவில்லை. "அது வேற, இது வேறண்ணா" என்றாள். "மெஷினைத் திருத்துறதுக்கு ஒரு ஸ்கேலு போதும். அந்த வார்த்தை தேவையே இல்ல."

அவள் சொன்னதுதான் சரி. இலையை மடித்துக்கொண்டு எழுந்தேன்.